பூச்சி கூப்பிடுது

ஜனவரி 6, திங்கள்

வீட்டுல திட்டறதுக்கு ஆள் இல்ல. அதான் எழுதலாம்னு உக்காந்தேன். நான் வேலை பாக்கிற வித்தகத்துல புது வருசத்துக்குக் குடுத்த டைரி சும்மாதான் கெடந்துச்சு.

திட்டறதுக்கு இருந்தவ என் மக வெண்ணிலா. கார்த்திகை மாசம் காலேஜுக்குப் போறேன்னு போனவ, காலனிப் பையன் அறிவழகனோட கோயமுத்தூர் போயிட்டா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். எனக்கு மட்டும் போட்டோ அனுப்பிச்சா. கழுத்துல கெடந்த மாலையைப் பாக்கணுமே, சாமி படத்துக்குப் போடுற சைஸு. சனியன், ஓடிப் போறதுதான் போற, நல்ல மாலையாப் பாத்து வாங்கக் கூடாதா?

அவங்க அப்பா அன்னைக்கு வாய மூடினவருதான். "சோறு", "தண்ணி", இந்த ரெண்டு வார்த்தை மட்டும் மிச்சம் இருக்குது. எனக்கு நேர் எதிர். ஊர்ல என் பேரே வாய்க்காரி மாதம்மா. நான் வாயைத் தொறந்தா தெரு நாயும் எந்திரிச்சுப் போயிரும்னு சொல்லுவாங்க. சொல்லட்டும்.

காலையில வேலைக்குப் போனேன். பட்டுப்புழு முட்டை எடுக்கிற வித்தகத்துல எனக்கு ஜோடி பிரிக்கிற வேலை. விடியக் காலம் கூட்டை விட்டு வெளிய வர்ற பூச்சிங்களை ஆணும் பெண்ணுமா ஜோடி சேர்த்து இருட்டுல வைப்பாங்க. நேரம் ஆனதும் நாங்க உக்காந்து ஒண்ணொண்ணாப் பிரிக்கணும். இடது கையில பொண்ணைப் பிடிச்சு, வலது கையால ஆணை லேசாத் திருகி எடுக்கணும். வெடுக்குன்னு இழுத்தா பொண்ணு கிழிஞ்சிரும், முட்டை போடாது. ஆணுக்கு அதுக்கப்புறமும் ரெக்கை அடிச்சுக்கிட்டே இருக்கும். அதை ஃபிரிட்ஜுல வச்சு நாளைக்கு இன்னொருத்திக்கு விடுவோம்.

பதினோரு வருசமா பிரிச்சவளுக்கு, பெத்த மகளைப் பிரிச்சு எடுக்கத் தெரியல.

ஜனவரி 9, வியாழன்

வித்தகத்துக்குப் புதுசா ஒரு மேடம் வந்திருக்காங்க. ஜெயமாலான்னு பேரு. நம்ம வெண்ணிலாவைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். எங்களையெல்லாம் உக்கார வச்சு, ஆண் பூச்சி எப்படி பொண்ணைக் கண்டுபிடிக்குதுன்னு சொல்லிக் குடுத்தாங்க.

பொண்ணு எங்கயும் போறதில்ல. இருந்த இடத்துல இருந்துக்கிட்டு பின்பக்கத்தைத் தூக்கும். மஞ்சளா ரெண்டு சின்னப் பை வெளிய வரும். அதுல இருந்து ஒரு வாசனை கெளம்புது. நம்ம மூக்குக்குச் சுத்தமாத் தெரியாது. ஆணுக்குச் சீப்பு மாதிரி மீசை இருக்குதே, அதுல போய் ஒட்டினதும் அதுக்குக் கிறுக்குப் பிடிச்சிருது. பறக்கத் தெரியாத ரெக்கையைப் படபடன்னு அடிச்சுக்கிட்டு, வட்டம் போட்டு வட்டம் போட்டு வந்து சேருது. பொண்ணு அப்படிப் பையைத் தள்ளுறதுக்கு அவங்க படிப்புல "கூப்பிடுதல்"னு பேராம்.

"என் வீட்டுக்காரரைத் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறாரு மேடம். இதுக்கு வாயே இல்ல, எப்படி வருது பாருங்க!" அப்படின்னா பக்கத்து சீட்டு ஷகிலா. மேடத்துக்கே சிரிப்பு தாங்கல.

அப்புறம் ஒரு வேடிக்கை காட்டுனாங்க. பொண்ணுப் பூச்சிங்க உக்காந்திருந்த காகிதத்தை மட்டும் எடுத்து ஆண் தட்டுல போட்டாங்க. அத்தனை ஆணும் அந்த வெறும் காகிதத்தைச் சுத்தி ஆடுதுங்க. ஒண்ணு அந்தக் காகிதத்தோட ஓரத்தையே கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. விழுந்து விழுந்து சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

கோலம் போடக் கை வரல. பொங்கல் மட்டும் வச்சேன், அதுவும் அடி பிடிச்சுப் போச்சு.

சாயங்காலம் எங்க மூத்தார் வந்தாரு. என் வீட்டுக்காரருக்கு அண்ணன், மாதையன். வெண்ணிலா போன அன்னைக்கு எங்க வாசல்ல காறித் துப்பிட்டுப் போனவரு, இப்ப ஒரு கட்டுக் கரும்பைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிறாரு. காபி குடுத்தேன். குடிச்சாரு. சக்கரை சரியா இருக்குன்னு கூடச் சொன்னாரு.

"மாதம்மா, நடந்தது நடந்து போச்சு. பொண்ணு பொண்ணுதானே? வரச் சொல்லு. அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வரட்டும். உக்காந்து பேசிக்கலாம்."

என் காதையே என்னால நம்ப முடியல. "மெய்யாலுமா மாமா?"ன்னேன்.

"நான் கூப்பிட்டா வர மாட்டா. என் நம்பரையும் அவங்கப்பன் நம்பரையும் பிளாக் பண்ணி வச்சிருக்கா. உன் நம்பர் ஒண்ணுதான் தொறந்து கெடக்குது. நீ கூப்பிட்டா ஓடி வருவா."

என் வீட்டுக்காரர் கரும்பையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. "என்னங்க, நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்"னேன். "அண்ணன் பாத்துக்கும்"னாரு. ரெண்டு மாசத்துல அவரு சேத்தாப்புல பேசின ரெண்டு வார்த்தை அதுதான்.

பரவால்ல, குடும்பம்னா குடும்பம்தான். மூத்தாரு கோவக்காரரே ஒழிய மனசு வெள்ளை.

ஜனவரி 15, புதன்

கொல்லைப்பக்கம் போய் நின்னு கூப்பிட்டேன். எடுத்ததும் "அம்மா"ன்னா. அவ்வளவுதான், புடிச்சுத் திட்ட ஆரம்பிச்சேன் பாருங்க, மூச்சு விடாமத் திட்டினேன். அவ குறுக்க பேசவே இல்ல. நான் ஓஞ்சதுக்கப்புறம், "முடிஞ்சுதா? சாப்பிட்டியா?"ன்னு கேட்டா. ரெண்டு பேரும் அழுதோம். கழுதை.

வரச் சொன்னேன். "அப்பா பேசுவாராம்மா?"ன்னா. பேசுவாருன்னேன். அந்தப் பையனும் பக்கத்துல இருந்தான் போல. "நல்லா இருக்கீங்களா அத்தை?"ன்னு தூரத்துல ஒரு குரல் கேட்டுச்சு. பதில் சொல்லல. அத்தையாம்.

ஜனவரி 18, சனி

போன்ல சார்ஜ் நிக்கலன்னு மூத்தாரு ரிப்பேருக்கு வாங்கிட்டுப் போயிருக்காரு. எனக்கு நல்லாத்தான் நின்னுச்சு. அவரு சொன்னா சரிதான்.

வீட்டை ஒட்டடை அடிச்சேன். வெண்ணிலா படுக்குற ரூம்ல இருந்த வெங்காய மூட்டையை நகத்திப் போட்டேன். கடைத்தெருவுல ஒரு புடவை எடுத்தேன், இளம்பச்சை. அவ கறுப்புக்கு எடுக்கும். ஆம்பளைக்கு வேட்டி எடுக்கிறதான்னு ரொம்ப நேரம் நின்னு யோசிச்சேன். கடைசியில எடுத்துட்டேன். கரை சின்னதாப் பாத்துத்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

வித்தகத்துல இன்னைக்கு ஒரே ரகளை. மஞ்சக்கூட்டு இனத்துப் பொண்ணுங்களைத் தனியா ஒரு தட்டுல வச்சிருந்தோம், வெள்ளைக்கூட்டு இனத்து ஆணோட சேக்கறதுக்கு. கூட்டுப்புழுவா இருக்கும்போதே வயித்துல இருக்கிற குறியைப் பாத்து ஆண் பெண் பிரிப்பாங்க. யாரோ சரியாப் பாக்காம அதே இனத்து ஆணுங்க நாலஞ்சு உள்ள கலந்திருச்சு. விடியறதுக்குள்ள அதுங்க சேந்திருச்சுங்க. மேடம் தட்டையே தள்ளிட்டாங்க. சொந்த இனத்துல சேந்தா முட்டை சொத்தை, விவசாயிக்குக் குடுக்க முடியாது. இனம் மாறிச் சேந்தாத்தான் புழு திடமா இருக்கும், நோய் நொடி தாங்கும், கூடு கனமாக் கட்டும்.

இந்தக் கூத்து நடக்கும்போது முட்டை அட்டை வாங்க வந்து நிக்கிறாரு எங்க மூத்தாரு. அவருக்கு ரெண்டு ஏக்கர்ல மல்பெரி இருக்குது. மேடத்துக்கிட்ட, "கலப்புதானம்மா? போன தடவை வேற எடத்துல வாங்கி மோசம் போயிட்டேன். எனக்கு நல்ல கலப்பா இருக்கணும்"னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை கேக்குறாரு.

ஷகிலா என்னைப் பாத்தா. நான் தட்டைப் பாத்தேன்.

போகும்போது என்னைத் தனியாக் கூப்பிட்டு, "வெண்ணிலா அடுத்த ஞாயித்துக்கிழமை இல்ல, அதுக்கடுத்த ஞாயித்துக்கிழமை வர்றதா ஒத்துக்கிட்டா. உன் போன்ல பேசினா, எங்க வீட்டுல இருந்த உன் வீட்டுக்காரன் எடுத்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர வேணாம், நாலு பேரு பாப்பாங்க. மேம்பாலத்துக்கு முன்னாடி பிரிவு ரோட்டுல எறங்கிக்கச் சொல்லிருக்கு. நான் கார் எடுத்துட்டுப் போயி அழைச்சிட்டு வந்துர்றேன். நீ யார்கிட்டயும் வாயைத் தொறக்காத"ன்னாரு.

காரெல்லாம் எடுத்துட்டுப் போறாராம். பாசம் உள்ளுக்குள்ள இருந்திருக்குது பாருங்க.

ஜனவரி 24, வெள்ளி

எங்க குடும்பத்துல ஒரு பழக்கம். கட்டிக் குடுத்த பொண்ணு மொத மொத புருசனோட வந்தா, பெரியப்பன் வீட்டுலதான் விருந்து. பச்சரிசி ஊறப் போட்டு, இடிச்சு, அதிரசம் சுடணும். மாவு ரெண்டு மூணு நாள் பாகுல ஊறினாத்தான் அதிரசம் மெத்துனு வரும். அதனால எப்ப அரிசி ஊறப் போடலாம்னு கேக்கலாம்னு மூத்தார் வீட்டுக்குப் போனேன். ஓரகத்தி மட்டும் இருந்தா. கிட்டம்மா அக்கா. அவ என்னைப் பாத்ததும் மொறத்தைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சா.

"எத்தனை படி போடலாங்கக்கா? நானும் வந்து இடிக்கிறேன்."

அவ வாசப்பக்கம் ஒரு தடவை எட்டிப் பாத்தா. அப்புறம், "ஊறப் போட வேணாம் மாதம்மா. அரிசி வீணாப் போயிரும்"னா.

"எதுக்கு வீணாப் போவுது? அவளுக்கு அதிரசம்னா உசுரு."

முந்தானையை வாயில வச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

இவ எப்பவும் கஞ்சப் பிசினாறி. கையில இருந்து ஒரு கரண்டி எண்ணெய் எறங்காது. அதான்.

ஜனவரி 25, சனி

அவ கஞ்சம்தான். வேற ஒண்ணும் இல்ல.

ஜனவரி 26, ஞாயிறு

என் வீட்டுக்காரர்கிட்ட, "புள்ளையும் மருமவனும் வந்தா எந்த ரூமுல படுப்பாங்க? ஒரு பாய் பத்தாது"ன்னு கேட்டேன். சோத்துத் தட்டுல கை அப்படியே நின்னு போச்சு. "அண்ணன் பாத்துக்கும்"னாரு. சோத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சாரு. கை கழுவப் போனவரு கொல்லையில வாந்தி எடுத்தாரு.

பித்தமா இருக்கும்னு எழுத வந்தேன். எனக்கே பொறுக்கல. பித்தமாவது மண்ணாவது.

ஜனவரி 28, செவ்வாய்

வேலைக்குப் போனேன். மூணு பொண்ணைக் கிழிச்சுட்டேன். மேடம் பாத்துட்டு என்னைக் கூட்டிட்டுப் போயி டெஸ்ட் பண்ற ரூமுக்கு வெளிய உக்கார வச்சாங்க. அங்கதான் முட்டை போட்டு முடிச்ச தாய்ப் பூச்சிங்களை உரல்ல போட்டு நசுக்கி, நோய் இருக்குதான்னு பூதக்கண்ணாடியில பாப்பாங்க. அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.

அந்தக் காகிதம் ஞாபகம் வந்துச்சு. அதுல பொண்ணு இல்ல. வாசனை மட்டும்தான் இருந்துச்சு. என் வீட்டுல விருந்து இல்ல, பாய் இல்ல, ஒரு புடி அரிசி ஊறல. என் குரல் மட்டும் கோயமுத்தூர் வரைக்கும் போயிருக்குது. புள்ள ரெக்கையை அடிச்சுக்கிட்டு வரப் போவுது.

அடப்பாவிகளா, என்னையாடா அந்தக் காகிதமா வச்சீங்க?

ஜனவரி 29, புதன்

ஷகிலாகிட்ட போன் வாங்கினேன். கையில வச்சுக்கிட்டு முழிக்கிறேன். நம்பர் தெரியல. பத்து மாசம் சுமந்து பெத்த மகளோட நம்பர் மனசுல ஒரு எழுத்து இல்ல. எல்லாம் போனுக்குள்ள இருக்குது, போன் மூத்தார் வீட்டுல இருக்குது. அந்தப் பையன் வீட்டுல கேக்கலாம்னு மதியம் லீவு சொல்லிட்டு காலனிப் பக்கம் நடந்தேன். இத்தனை வருசத்துல நான் அந்தப் பக்கம் மிதிச்சதில்ல. வீடு பூட்டியிருக்குது. கல்யாணம் ஆன மறுநாளே அவங்க அப்பா அம்மா ஊரை விட்டுப் போயிட்டாங்களாம். எங்கன்னு கேட்டா யாரும் வாயைத் தொறக்கல. மாதையன் தம்பி பொண்டாட்டிக்கு யாரு சொல்லுவாங்க? நானா இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

ஸ்டேசனுக்குப் போயி என்னன்னு சொல்றது? எங்க ஓரகத்தி அரிசி ஊறப் போடலன்னா? சிரிப்பாங்க. சிரிச்சுட்டு மூத்தாருக்கு போன் போடுவாங்க.

வீட்டுக்காரர் காலைப் புடிச்சேன். "அவ உங்க புள்ளைங்க. உங்க தோள்ல தூங்கினவ." அவரு அழுதாரு. அழுதுக்கிட்டே காலை உருவிக்கிட்டாரு. அழத் தெரிஞ்ச ஆம்பளைக்கு அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசத் தெரியல. த்தூ.

ஜனவரி 31, வெள்ளி

நாளைக்கு ராத்திரிக்குள்ள வெண்ணிலா ஒரு தடவை பேசுவா, கெளம்புற நேரம் சொல்லணும்ல. அப்ப நான்தான் பேசணும்னு மூத்தாரு சொல்லி அனுப்பிச்சிருக்காரு. "இத்தனை நாளா அம்மா ஏன் பேச மாட்டேங்குதுன்னு கேக்குறா. சந்தேகம் வந்துரக் கூடாது. நல்ல விதமாப் பேசு."

நல்ல விதமாவாம். என்கிட்டயா கேக்குறீங்க.

பிப்ரவரி 1, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

மத்தியானம் மூத்தாரு வந்து நாற்காலியில உக்காந்தாரு. என் வீட்டுக்காரர் போனைப் புடிச்சுக்கிட்டு ஸ்பீக்கர்ல போட்டாரு. நான் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிறேன். வராதடின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், போனைப் புடுங்கிருவாங்க, அப்புறம் வேற வழி பாத்துக்குவாங்க. கோயமுத்தூர்ல அவ இருக்கிற எடம் இவங்களுக்கு இன்னும் தெரியல. அதை நான் நெனப்புல வச்சுக்கிட்டேன்.

"அம்மா!"ன்னா. குரல் அப்படி ஒரு குஷியா இருந்துச்சு. "காலையில கெளம்பறோம்மா. எந்தப் புடவை கட்டிக்கிட்டு வரட்டும்? இவரு அப்பாவுக்குச் சட்டை எடுத்திருக்காரும்மா. அளவு தெரியல, நீ சொல்லேன். அப்புறம், உனக்கு ஒரு சேதி இருக்கு. நேர்லதான் சொல்லுவேன்."

மூத்தாரு சொல்லு சொல்லுன்னு தலையாட்டினாரு.

நான் வாயைத் தொறந்தேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடி வர்றே? காலனிக்காரன் வீட்டுச் சோத்தைத் தின்ன வாயால என்னை அம்மான்னு கூப்பிடாத. உனக்கு நாங்க எள்ளுந் தண்ணியும் எறைச்சாச்சு. அவன் எடுத்த சட்டையைக் கொண்டு போயி குப்பையில போடு. அவன் தொட்டதை எங்க வீட்டு நாயும் மோந்து பாக்காது."

வெண்ணிலா, "அம்மா, நீதானேம்மா வரச் சொன்ன?"ன்னா. சின்னப் புள்ளையில கீழ விழுந்து எந்திரிச்சா ஒரு குரல் வருமே, அந்தக் குரல்.

அவ இன்னும் போனை வைக்கல. வைக்கணும். எனக்குத் தெரியும் அவளை. எவ்வளவு திட்டினாலும் ஓஞ்சதுக்கப்புறம் "சாப்பிட்டியா"ன்னு கேக்குறவ. அதுக்கும் மேல ஒண்ணு வேணும். அந்தச் சேதி என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னே வச்சுக்குவோம். ஆனா சொன்னேன்.

"உன் வயித்துல எது இருந்தாலும் அது என் வாசல்ல கால் வைக்கக் கூடாது. வச்சா என் கையாலயே கழுத்தைத் திருகிப் போடுவேன்."

போன் நின்னு போச்சு.

மூத்தாரு எந்திரிச்சு என்னை அறைஞ்சாரு. "கெடுத்துட்டியேடி! ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம் அந்த நாறவாயை மூடிக்கிட்டு இருக்க முடியலயா உனக்கு?" திருப்பித் திருப்பிக் கூப்பிட்டுப் பாத்தாரு. சுவிட்ச் ஆஃப். நானும் விடல. "முடியல மாமா, குரலைக் கேட்டதும் ரத்தம் கொதிச்சிருச்சு"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதேன். அழுகை நெசம்தான், அதனால சந்தேகம் வரல. நம்பிட்டாரு. வாய்க்காரின்னு ஊரே சொல்லுதே.

அவரு போனதுக்கப்புறம் என் வீட்டுக்காரர் சோறு கேட்டாரு. போட்டேன். ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டாரு. எம் மூஞ்சியைப் பாக்கல.

பிப்ரவரி 4, செவ்வாய்

இளம்பச்சைப் புடவையைக் கடையில திருப்பிக் குடுத்துட்டு, உள்பாவாடை ரெண்டு எடுத்தேன். வேட்டியை வாங்க மாட்டேனுட்டாங்க.

பிப்ரவரி 7, வெள்ளி

ஷகிலாவுக்கு எப்படியோ சேதி போயிருக்குது. "வயித்துப் புள்ளையைக் கழுத்தைத் திருகுவேன்னீங்களாமே அக்கா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். வேற என்ன சொல்றது? ஒரு வாய்க்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரிஞ்சிரும். அவ தட்டை எடுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் போயி உக்காந்துட்டா. நல்ல பொண்ணு.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

கோயிலுக்குப் போனேன். பொம்பளைங்க எனக்கு வழி விடுறாங்க. "மாதம்மா மாதிரி மானஸ்தி உண்டா? பெத்த புள்ளைன்னும் பாக்கல"ன்னு ஒருத்தி. இன்னொருத்தி தன் மவளைக் கூட்டிட்டு வந்து என் காலுல விழ வைக்கிறா. அந்தப் புள்ளைக்குப் பதினாறு வயசு இருக்கும். பயந்து போயி என்னைப் பாக்குது. திருநீறு பூசிவிட்டேன்.

மூத்தாரு பூசாரிகிட்ட நின்னு பேசிக்கிட்டு இருந்தவரு என்கிட்ட வந்தாரு. கோவமெல்லாம் ஆறிப் போச்சு. சிரிச்சாரு. "சரி விடு. இப்ப வேணாம். ஆடி கழியட்டும். அதுக்குள்ள அவளுக்கும் அம்மா நெனப்பு வரும், அவளாவே உனக்கு போன் பண்ணுவா. பொம்பளைப் புள்ளை, எத்தனை நாளைக்கு வீம்பு பிடிப்பா? அப்ப மட்டும் நீ வாயை அடக்கிக்க"ன்னாரு.

சரிங்க மாமான்னேன்.

சாமி முன்னாடி நின்னேன். எல்லாரும் என்னென்னமோ வேண்டிக்கிட்டாங்க. நான் வேண்டிக்கிட்டது இதுதான். முருகா, எம் புள்ளைக்கு மனசு எளகக் கூடாது. வலி வந்தாலும் அவ என்னை நெனச்சு அழக் கூடாது. என் பேரைச் சொன்னா காறித் துப்பணும். பொறக்கிறது வளந்து பாட்டி எங்கன்னு கேட்டா, செத்துட்டான்னு சொல்லணும். அவ நல்லா இருக்கணும், என்னை மன்னிக்கவே கூடாது.